முப்பது சென்டிமீட்டருக்காக ஒரு பாலம்: ரயில் பாதை மின்மயமாகும்போது சாலைப் பாலங்களை ஏன் மாற்றிக் கட்டுகிறார்கள்?

ஒரு ரயில் பாதையை மின்மயமாக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வெளியாகிச் சில மாதங்கள் கழித்து, அந்தப் பாதையின் மேலே செல்லும் சாலைப் பாலத்தின் இரு முனைகளிலும் தடுப்பு வைத்து, பாலம் இடிக்கப்பட இருப்பதால் மாற்றுப் பாதையில் செல்லவும் என்று பலகை மாட்டினால், அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். பாலம் நன்றாகத்தானே இருக்கிறது, கீழே நாலு கம்பி கட்டுவதற்கு அதை ஏன் இடிக்க வேண்டும்? மிகவும் நியாயமான கேள்வி இது. பல இடங்களில் அந்தப் பாலத்தில் விரிசல் இருக்காது, பாரம் தாங்கும் வலுவிலும் குறை இருக்காது. நூறு ஆண்டுகளுக்கு மேல் வண்டிகளைச் சுமந்த செங்கல் வளைவு இன்னும் பல ஆண்டுகள் சுமக்கக்கூடியதாகவே இருக்கும். அதன் குறை உயரத்தில் மட்டுமே இருக்கிறது. அந்தக் குறையும் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட அடிக்கோலின் நீளத்தைத் தாண்டாது.

அந்த ஓர் அடி ஏன் அவ்வளவு பிடிவாதமானது என்பதைப் புரிந்துகொண்டால், மின்மயமாக்கல் வேலையில் பாலங்களுக்கு இத்தனை காலமும் செலவும் ஏன் ஆகின்றன என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். மின்சார ரயில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தலைக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எஞ்சினின் கூரையில் மடக்கி நீட்டக்கூடிய ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு பான்டோகிராஃப் என்று பெயர். அதன் உச்சியில் உள்ள கார்பன் பட்டை, கம்பியின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டே செல்லும். உரசப்படும் அந்தத் தாமிரக் கம்பியைத் தொடுகம்பி என்று சொல்லலாம். வேலை செய்பவர்கள் காண்டாக்ட் ஒயர் என்றே சொல்கிறார்கள். இந்திய ரயில்வேயில் பரவலாகப் பயன்படும் தொடுகம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 107 சதுர மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய நம் சுண்டுவிரல் பருமன். இந்தக் கம்பியைத் தனியாகக் கட்டினால் இரு கம்பங்களுக்கு நடுவில் தன் எடையாலேயே தொய்ந்துவிடும் என்பதால், அதற்கு மேலே இன்னொரு கம்பியை வளைவாகத் தொங்கவிட்டு, அதிலிருந்து சிறு சிறு செங்குத்துக் கம்பிகளால் தொடுகம்பியை மட்டமாகப் பிடித்து வைக்கிறார்கள். மேலே இருப்பது தாங்குகம்பி. கம்பங்களின் அருகில் இந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள தூரம் இந்திய முறையில் வழக்கமாக 1.4 மீட்டர். ஆகவே ரயிலுக்கு மேலே தேவைப்படுவது ஒற்றைக் கம்பிக்கான இடம் மட்டுமல்ல, ஓர் ஆள் உயரத்தில் முக்கால் பங்குக்கும் மேலான ஓர் அமைப்புக்கான இடம்.

அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று மும்பையில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியபோது, கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1950களில் பிரான்ஸ் நாட்டு ரயில்வே 25,000 வோல்ட் முறையில் வெற்றி கண்டது. அதைப் பார்த்து 1957ல் இந்தியாவும் அதே முறையைத் தேர்ந்தெடுத்தது. வோல்ட் கூடினால் அதே ஆற்றலுக்குக் குறைந்த மின்னோட்டம் போதும், கம்பி மெலிதாக இருக்கலாம், துணைமின்நிலையங்களை வெகு தூரத்துக்கு ஒன்றாக அமைக்கலாம். ஆதாயங்கள் பெரியவை. பதிலுக்கு அது கேட்பது காற்று இடைவெளி.

எவ்வளவு காற்று?

மின்னழுத்தம் மிகுந்த கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போதுமான அளவு நெருங்கினாலே, இடையில் உள்ள காற்று தன் மின்காப்புத் தன்மையை இழந்து, மின்சாரம் ஒளிக்கீற்றாகப் பாய்ந்துவிடும். சீரான மின்புலத்தில் உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வரை தாங்கும். 25,000 வோல்ட் என்று குறிப்பிடப்படும் மாறுமின்னோட்டத்தின் உச்சம் சுமார் 35,000 வோல்ட் என்பதால், கணக்குப்படி 12 மில்லிமீட்டர் காற்றே போதும், ஒரு விரல் தடிமன். அப்படியிருக்க, கம்பிக்கும் பாலத்துக்கும் இடையே நிரந்தரமாக 250 மில்லிமீட்டரும், ரயில் கடக்கும் சில நொடிகளில் மட்டும் 200 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்று இந்திய விதிகள் கேட்கின்றன. இருபது மடங்கு எதற்கு?

பாலத்தின் அடிப்பகுதி ஆய்வுக்கூடம் அல்ல என்பதுதான் விடை. அங்கே டீசல் புகையின் கரி படிந்திருக்கும், மழைநீர் கசிந்து சொட்டும், குளிர் நாடுகளில் பனிக்கட்டி ஈட்டி போலத் தொங்கும், சிறகு விரித்த பறவை அந்த இடைவெளியில் பாதியை அடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கோ தொலைவில் கம்பியில் இடி விழுந்தால், அதன் மின்னழுத்த அலை கம்பி வழியே ஓடிவந்து, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு வழக்கமான அளவைப் போலப் பல மடங்காக எகிறும். அந்த நொடியிலும் பாலத்துக்கு மின்சாரம் பாயக் கூடாது. இடைவெளியைத் தீர்மானிப்பது அன்றாட மின்னழுத்தத்தைவிட, என்றோ ஒரு நாள் வரும் அந்த மோசமான கணம்தான் என்று சொல்லலாம். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தை இடிக்காமல் தப்பிக்கும் ஒரு வழி இதிலிருந்துதான் பிறந்தது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய அகலப்பாதையில் தொடுகம்பி திறந்தவெளியில் தண்டவாள மட்டத்திலிருந்து குறைந்தது 5.50 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கீழே மட்டும் 4.80 மீட்டர் வரை இறக்கலாம். பாலத்துக்குக் கீழே என்பதால் அந்த 4.80 மீட்டரிலிருந்து தொடங்குவோம். தாங்குகம்பியை முடிந்தவரை நெருக்கிக் கொண்டுவந்து 40 சென்டிமீட்டரில் வைத்ததாகக் கொள்வோம், மொத்தம் 5.20 ஆகிறது. பான்டோகிராஃப் கீழிருந்து தள்ளுவதால் கம்பி சற்று எழும்பும், அதற்கு 10 சென்டிமீட்டர். மின் இடைவெளிக்கு 25. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இட்டு இறுக்கும் ஒவ்வொரு முறையும் பாதை சிறிது சிறிதாக உயரும் என்பதால் அதற்கென்று 15. கூட்டினால் 5.70 மீட்டர். பழைய பாலத்தின் அடிப்பகுதி 5.40 மீட்டரில் இருந்தால், பற்றாக்குறை 30 சென்டிமீட்டர். இந்தப் பகிர்வு விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டதுதான். ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு கம்பியமைப்பிலும் எண்கள் மாறும். ஆனால் கணக்கின் வடிவம் எங்கும் இதுதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரங்கள், அவற்றின் உச்சியில் பாலம். அடுக்கில் எதைக் குறைத்தாலும் பாலம் தப்பும். எதையும் குறைக்க முடியாவிட்டால் பாலம் உயர்ந்தாக வேண்டும்.

பழைய பாலங்கள் இவ்வளவு தாழ்வாக இருப்பதற்குக் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. நீராவி எஞ்சினின் புகைபோக்கி இடிக்காமல் போக வேண்டும் என்பதே அவர்கள் முன் இருந்த அளவுகோல். தேவைக்கு மேல் உயர்த்தினால் இரு பக்கமும் மண்மேடு நீளும், செங்கல் கூடும். அவர்கள் தங்கள் காலத்துக்குச் சரியாகவே கட்டினார்கள்.

வளைவுப் பாலத்தின் தனிச் சிக்கல்

செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டிய வளைவுப் பாலத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இரட்டைப் பாதையின் மேல் ஒரே வளைவாகக் கட்டியிருந்தால், அந்த வளைவின் உச்சி இரு பாதைகளுக்கும் நடுவில் இருக்கும். அதாவது, ரயிலே ஓடாத இடத்தில்தான் உயரம் அதிகம். ஒவ்வொரு பாதையின் நேர் மேலேயும் வளைவு இறங்கத் தொடங்கிவிடும். வெளிப்பக்கம் போகப் போக இன்னும் தாழும். பான்டோகிராஃபின் தலையோ ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள மட்டமான சட்டம். ரயில் ஆடும்போது அதுவும் பக்கவாட்டில் ஆடும். கார்பன் பட்டை ஒரே இடத்தில் தேயாமல் இருக்க, கம்பியையும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து வலமும் இடமுமாக மாறி மாறி வளைத்துத்தான் கட்டியிருப்பார்கள். ஆகவே பாலத்தை முதலில் நெருங்குவது பான்டோகிராஃபின் வெளி மூலைதான். உச்சியில் தாராளமாக இடம் இருக்கிறதே என்று சாலையில் நிற்பவருக்குத் தோன்றும். மூலையில் அளந்து பார்த்தவருக்குத்தான் நெருக்கடி புரியும்.

இதனால்தான் வளைவை எடுத்துவிட்டுத் தட்டையான கான்கிரீட் அல்லது எஃகுக் கர்டர் (நீண்ட உத்தரம்) தளம் வைக்கும்போது, சாலை மட்டம் அதிகம் உயராமலேயே கீழே நிறைய இடம் கிடைத்துவிடுகிறது. வளைவின் உச்சியில் மட்டும் இருந்த உயரம், இப்போது பாலத்தின் முழு அகலத்துக்கும் கிடைக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உயரத்தில் எதையும் கூட்டாமல், வடிவத்தை மாற்றியே இடம் சம்பாதிக்கிறார்கள்.

இடிக்காமல் முடியுமா?

பொறுப்புள்ள பொறியாளர் யாரும் இடிப்பதிலிருந்து தொடங்குவதில்லை. அடுக்கின் ஒவ்வொரு படியையும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாலத்தின் பக்கம் திரும்புவார்.

முதல் முயற்சி, கம்பியைத் தாழ்த்துவது. பாலத்துக்கு முன்பே கம்பியைச் சரிவாக இறக்கி, தாண்டியதும் மறுபடி ஏற்றலாம். ஆனால் இந்தச் சரிவுக்கு வரம்பு இருக்கிறது. வேகமாகச் செல்லும் ரயிலின் பான்டோகிராஃப், திடீரென்று இறங்கும் கம்பியைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ள முடியாமல் துள்ளும். துள்ளினால் தீப்பொறி பறக்கும், கம்பியும் கார்பன் பட்டையும் தேயும், மிஞ்சினால் கம்பியே அறுந்துவிழும். ஐரோப்பியத் தரநெறிப்படி மணிக்கு 160 கிலோமீட்டர் வேகப் பாதையில் கம்பியின் சரிவு ஆயிரத்துக்கு 3.3 வரையும், 200 கிலோமீட்டர் வேகத்தில் ஆயிரத்துக்கு 2 வரையும் இருக்கலாம். 250க்கு மேல் சரிவே கூடாது. 5.50 மீட்டரிலிருந்து 4.80 மீட்டருக்கு, அதாவது 70 சென்டிமீட்டர் இறக்க, 160 கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தின் ஒவ்வொரு பக்கமும் 200 மீட்டருக்கு மேல் தேவை. 200 கிலோமீட்டர் வேகத்தில் 350 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரு ரயில்வே கேட் வந்துவிட்டால் வம்புதான். கேட்டில் லாரிகள் கடப்பதால் அங்கே கம்பி உயரமாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரைச் சேர்ந்த ஸ்டீவன்டன் கிராமத்தில் நடந்தது சரியாக இதுவே. லண்டனிலிருந்து மேற்கே செல்லும் கிரேட் வெஸ்டர்ன் பாதையை மின்மயமாக்கியபோது, பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட ஒரு பழைய சாலைப் பாலம் அங்கே தாழ்வாக இருந்தது. அருகிலேயே லெவல் கிராசிங்குகள். அங்கே உயர்ந்தும் இங்கே தாழ்ந்தும் செல்ல வேண்டிய கம்பியின் சரிவு அளவுக்கு மீறியதாக இருந்ததால், மணிக்கு 125 மைல் வேகத்துக்கான பாதையில் ரயில்கள் அந்த இடத்தில் 60 மைல் வேகத்தில் செல்ல வேண்டியிருந்தது. பாலத்தை இடித்துக் கட்ட ரயில்வே விரும்பியது, கிராமத்தார் எதிர்த்தார்கள், 2019 ஜூலையில் உள்ளூர் மன்றம் அனுமதி மறுத்தது. அதன் பிறகு கம்பியும் பான்டோகிராஃபும் அந்தச் சரிவில் எப்படி நடந்துகொள்கின்றன என்று கணினியில் மாதிரி அமைத்து ஆராய்ந்து, ரயிலை ஓட்டியும் சோதித்ததில், 110 மைல் வேகம் வரை பாதுகாப்பாகச் செல்லலாம் என்று தெரிந்தது. பாலம் தப்பியது. விதிப்புத்தகத்தில் உள்ள எண் பொதுவான பாதுகாப்புக்கானது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஆராய உழைப்பு போட்டால் சில சமயம் இடம் கிடைக்கும். அந்த உழைப்பு இடிப்பதற்குத் திட்டம் போடும் முன்பே செலவிடப்பட்டிருந்தால் எவ்வளவு மனக்கசப்பைத் தவிர்த்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

இரண்டாவது வழி, மின் இடைவெளியைக் குறைப்பது. இடியின் அலைதான் அந்த இடைவெளியைப் பெரிதாக்குகிறது என்று பார்த்தோம் அல்லவா? அந்த அலையைப் பாலத்துக்கு வரும் முன்பே பிடித்து மண்ணில் இறக்கிவிடும் சர்ஜ் அரெஸ்டர் என்ற கருவியைப் பாலத்தின் இருபுறமும் பொருத்தி, பாலத்தின் அடிப்பகுதிக்கு மின்காப்புப் பூச்சும் பூசினால், மிகச் சிறிய இடைவெளியே போதும். பிரிட்டனில் தென் வேல்ஸின் கார்டிஃப் நகரில், மேலே ஒரு ரயில் பாதையைத் தாங்கி நிற்கும் பாலத்தின் கீழ் இந்த முறையில்தான் கம்பி கொண்டுசெல்லப்பட்டது. அதே தென் வேல்ஸின் பள்ளத்தாக்குப் பாதைகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: தாழ்வான பாலங்களின் கீழே கம்பியில் மின்சாரமே இல்லை. அந்தச் சிறிய தூரத்தை ரயில் தன் பேட்டரியால் கடந்துவிடுகிறது. பல பாலங்கள் அங்கே இடிபடாமல் நிற்கின்றன. ஆனால் அந்தப் பாதையில் பேட்டரி உள்ள ரயில்கள்தான் ஓட முடியும் என்பதால், நெடுந்தூரச் சரக்கு வண்டிகள் செல்லும் முதன்மைப் பாதைகளுக்கு இது அவ்வளவு எளிதில் பொருந்தாது.

மூன்றாவது, தண்டவாளத்தைத் தாழ்த்துவது. கேட்பதற்கு எளிது. செய்வது, தரையடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய பாலங்களின் அஸ்திவாரம் பல இடங்களில் ஆழமற்றது. பக்கத்தில் தோண்டினால் பாலத்தின் கால் பிடி இழக்கும். தாழ்த்திய இடம் பள்ளமாவதால் மழைநீர் அங்கேயே வந்து தேங்கும், அதற்கு வடிகால் அமைத்து ஆயுள் முழுவதும் பராமரிக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் இறக்கினாலும் அதன் சரிவை இருபுறமும் நூறு மீட்டருக்கு மேல் பரப்ப வேண்டியிருக்கும். இடையில் தடம் பிரியும் பாயின்ட்டோ நடைமேடையோ இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆனாலும் சுரங்கப்பாதைகளில் வேறு வழி கிடையாது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே உள்ள வின்ச்பர்க் சுரங்கத்தில் 2015ஆம் ஆண்டுக் கோடையில் 44 நாட்கள் ரயில்களையே நிறுத்திவிட்டு, ஜல்லியை எடுத்து, தாழ்வான கான்கிரீட் பலகைமேல் தண்டவாளத்தை அமைத்தார்கள்.

நான்காவது, பாலத்தை அப்படியே தூக்குவது. கர்டர்மேல் தளம் உள்ள பாலமாக இருந்தால், ஹைட்ராலிக் ஜாக்கிகளை அடியில் வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தி, தாங்கிகளின் அடியில் கான்கிரீட் சேர்த்துவிடலாம். வளைவுப் பாலத்துக்கு இது ஒத்துவராது. சுவரும் வளைவும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துத்தான் அது நிற்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால்தான் இடிப்பு.

இடித்துக் கட்டும்போது

பாலத்தைக் கட்டுவதைவிடக் கடினமானது, பாலத்தின் வயிற்றுக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது. ரயில் பாதையைக் கடக்க வேண்டிய குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கேபிள், தொலைபேசிக் கண்ணாடியிழை என எல்லாமே தலைமுறை தலைமுறையாகப் பாலத்தின் மண் நிரப்பில்தான் புதைக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் இருப்பது ஒன்று, தோண்டினால் கிடைப்பது ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக்குச் சொந்தம்; ஒவ்வொரு துறையும் தன் ஆட்களைக் கொண்டு, தனக்கு வசதியான காலத்தில்தான் இடம் மாற்றும். எரிவாயுவைக் குளிர்காலத்தில் நிறுத்த முடியாது, குடிநீரைக் கோடையில் நிறுத்த முடியாது. பக்கத்தில் குழாய்களுக்கென்றே தற்காலிகமாக ஒரு சிறு பாலம் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிய பிறகே பெரிய பாலத்தில் கைவைக்க முடியும். இந்த வேலை நடக்கும் மாதங்களில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, சாலையை அடைத்து வைத்துவிட்டு யாரும் எதுவும் செய்யாததுபோல் தோன்றும்.

அடுத்தது சாலை. பாலம் அரை மீட்டர் உயர்ந்தால் இருபக்கமும் சாலையும் உயர வேண்டும். 30க்கு 1 என்ற சரிவில் அரை மீட்டர் ஏற 15 மீட்டர் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் கூன் முதுகு போன்ற பாலத்தில் எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்பதற்காக உச்சியில் மெதுவான வளைவு கொடுத்தாக வேண்டும் என்பதால், உண்மையில் அதைப் போலச் சில மடங்கு நீளம் தேவைப்படும். அந்த நீளத்துக்குள் ஒரு வீட்டு வாசலோ தெருச்சந்திப்போ இருந்தால், புதிய சாலை அந்த வாசலைவிட உயரத்தில் போகும். மழைநீர் எங்கே ஓடும் என்ற கேள்வி அப்போதுதான் எழும். இதனால்தான் புதிய தளத்தை முடிந்தவரை மெல்லியதாக வடிவமைக்கிறார்கள். முதன்மைக் கர்டர்களைச் சாலைக்கு அடியில் வைக்காமல் இரு ஓரங்களிலும் மேல்நோக்கி நிறுத்தினால், அவையே கைப்பிடிச் சுவராகவும் ஆகிவிடும், சாலையைத் தாங்கும் தளமும் மெலியும்.

இடிக்கும் வேலை பெரும்பாலும் இரவில், அதுவும் ரயில்களை நிறுத்தி வைக்கும் சில மணி நேர ப்ளாக்கில்தான் நடக்கும். தண்டவாளத்தின்மேல் மணல் கொட்டி, கனமான மரச்சட்டங்களைப் பரப்பி, விழும் செங்கல் பாதையைச் சேதப்படுத்தாதபடி மூடிவிட்டு, மேலே இருக்கும் மண்ணை முதலில் அள்ளுவார்கள். அள்ளுவதிலும் ஒரு முறை உண்டு: இரு பக்கமும் சமமாக. வளைவு நிற்பதே அதன்மேல் உள்ள பாரம் இரு பக்கமும் ஒத்திருப்பதால்தான். ஒரு பக்கம் மட்டும் வெறுமையானால், பாரமுள்ள பக்கம் அமுங்கி, வெறுமையான பக்கம் உப்பி அது உடையும். பல வளைவுகள் வரிசையாக உள்ள பாலத்தில் ஒன்றை மட்டும் எடுத்தால், அதன்மேல் சாய்ந்து நின்ற பக்கத்து வளைவின் உந்துதலுக்கு எதிர்பிடி இல்லாமல் தூணே சாயலாம். எனவே அதற்கு முட்டுக் கொடுத்த பிறகே தொடங்குவார்கள். விடிவதற்குள் இடிபாடுகளை அகற்றி, பாதையைக் கூட்டிப் பெருக்கி, முதல் ரயிலுக்கு ஒப்படைத்தாக வேண்டும்.

புதிய கர்டர்களைத் தொழிற்சாலையிலேயே வார்த்து, இன்னொரு இரவில் பெரிய கிரேனால் தூக்கி வைப்பார்கள். இவை அனைத்தும் கம்பி கட்டும் முன்பே முடிந்தாக வேண்டும். கிரேனின் கை 25,000 வோல்ட் கம்பிக்கு அருகில் அசையக் கூடாது. கம்பி கட்டிய பிறகு பாலத்தில் கைவைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை மண்ணோடு இணைத்து, வேலை முடிந்ததும் மீட்க வேண்டும். அதனால்தான் கம்பமே நடப்படாத பாதையில் பால வேலை முதலில் தொடங்கிவிடுகிறது.

பாலம் இல்லாத காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மும்பையில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகே இருந்த ஹான்காக் பாலத்தின் தாழ்வான உயரத்தால், அதன் கீழே ரயில்கள் வேகம் குறைத்தே கடக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் அது இடிக்கப்பட்டது. புதிய பாலத்தில் வாகனங்கள் ஓடத் தொடங்கியது 2022ல். இடைப்பட்ட காலத்தில் அக்கம்பக்கத்தினர் பலர் தண்டவாளத்தையே கடந்து போனார்கள். இடிப்புக்கு நாள் குறிக்கும் முன்பே, நடந்து செல்பவர்களுக்கென்று ஒரு தற்காலிகப் பாலம் போட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வண்டி வைத்திருப்பவர் சுற்றிப் போய்விடுவார். கைத்தடி ஊன்றி நடப்பவர் எங்கே போவார்?

புதிய பாலத்தில் புதிதாக இருப்பவை

திறந்து வைக்கப்பட்ட புதிய பாலத்தில் நடந்து போகிறவர் முதலில் கவனிப்பது, கைப்பிடிச் சுவர் தன் தோளைத் தாண்டி உயர்ந்திருப்பதைத்தான். பழைய பாலத்தில் இடுப்பளவுச் சுவரில் சாய்ந்து நின்று ரயில் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். காரணம் கீழே உள்ள கம்பி. நீட்டிய ஈரக் கம்போ, காற்றாடியின் நூலோ, மேலிருந்து கொட்டும் தண்ணீரோ கம்பியை எட்டினால் மின்சாரம் ஆளிடம் வந்துவிடும். ஆகவே சுவர் உயரமாக, ஓட்டை இல்லாமல், உள்பக்கம் கால் வைத்து ஏறப் பிடியில்லாமல் வழவழப்பாக இருக்கும். சுவரின் உச்சியைக் கூரை போலச் சாய்வாகச் செதுக்கியிருப்பார்கள், யாரும் அதன்மேல் உட்காரவோ நடக்கவோ முடியாதபடி.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்றும் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் எஃகுக் கர்டர்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, தடித்த கேபிளால் மண்ணோடும் தண்டவாளத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கும். கம்பி அறுந்து பாலத்தின்மேல் விழுந்தால், மின்சாரம் பாலத்தில் தங்காமல் அந்த வழியே பாய்ந்து, துணைமின்நிலையத்தின் பிரேக்கரை நொடிப்பொழுதில் துண்டிக்க வைக்கும். இந்த இணைப்பு இல்லாவிட்டால், பாலத்தின் இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்பவரே மின்சாரத்துக்கு வழியாகிவிடுவார்.

உயரத்தை எவ்வளவு தூரம் முன்கூட்டி யோசிப்பது என்பதும் ஒரு முடிவுதான். இந்தியாவில் மேற்குச் சரக்கு வழித்தடத்தில் கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்து ஓட்டுவதால், அங்கே வண்டியின் உயரமே 7.1 மீட்டர் வரை போகலாம். 2020 ஜூனில் குஜராத்தின் பாலன்பூருக்கும் போடாத்துக்கும் இடையே, தொடுகம்பி 7.57 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட பாதையில், அத்தகைய இரட்டை அடுக்கு ரயிலை மேற்கு ரயில்வே ஓட்டியது. அப்படிப்பட்ட பாதையின்மேல் கட்டும் பாலம் வேறு ஓர் உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு முறை கட்டிய பாலம் நூறாண்டு நிற்கும் என்பதால், இன்றைய ரயிலுக்கு மட்டும் சரியாக அளந்து கட்டுவது சிக்கனம் ஆகாது.

பாலம் முடிந்து, கம்பி ஏறி, மின்சாரம் பாய்ந்த பிறகு, அளவு வேலை ஓய்ந்துவிடுவதில்லை. இத்தனை பாடுபட்டுச் சம்பாதித்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது பாதைப் பராமரிப்புதான். ஜல்லி நிரப்பி இறுக்கும் ஒவ்வொரு முறையும் தண்டவாளம் சில மில்லிமீட்டர் உயரும். பத்திருபது ஆண்டுகளில் அது கைவிரல் அளவைத் தாண்டி உள்ளங்கை அளவாகிவிடும். இதைத் தடுக்கத்தான், தண்டவாளத்தின் மட்டம் எவ்வளவு வரை உயரலாம் என்ற குறியைப் பாலத்தின் கரைச்சுவரிலோ அருகிலுள்ள கம்பத்திலோ பதித்து வைக்கிறார்கள். கையடக்கமான ஒரு தகடு, அல்லது பெயின்டில் ஒரு கோடு. பாதை உயர்த்தும் இயந்திரம் அந்த இடத்தை நெருங்கும்போது, குழுவின் மேற்பார்வையாளர் இறங்கிப் போய் முதலில் அந்தக் கோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க வேண்டும், அளந்த பிறகே இயந்திரத்தை நகர்த்தச் சொல்ல வேண்டும்.